பிரேக்கை விட்டுடாதீங்க தம்பி

பத்தொன்பது நாள் லீவில் ஏழு நாளை ஒரு ரப்பர் வளையத்துக்குக் கொடுத்துவிட்டு நியூ ஜெர்ஸி திரும்பியிருக்கிறேன். வளையத்தின் விலை 160 ரூபாய்.

மற்றதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஃபிளைட் நேரத்துக்கு இறங்கியது, அக்கா பேத்திக்குக் காதுகுத்து முடிந்தது, பல் டாக்டர், கண்ணாடிக் கடை, பேங்க் என்று நாம் எல்லோரும் சுற்றுகிற சுற்றையும் சுற்றி முடித்தேன். அதை எழுதி என்ன ஆகப்போகிறது? விஷயம் அப்பாவின் மாருதி 800.

1998 மாடல், கார்புரேட்டர் வண்டி, நாலு கியர். புதுக்கோட்டை வீட்டு வாசலில் நிற்கிறது. வந்த மறுநாள் காலையில் பார்த்தால் முன்பக்கம் இன்ஜினுக்குக் கீழே செய்தித்தாள் விரித்திருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம். "ஆறு மாசமா இப்படித்தான். உங்கப்பா பேப்பர் வாங்குறதே இதுக்குத்தான். என்னால வாசல்ல கோலம் போட முடியல" என்றார் அம்மா. அப்பா வாயே திறக்கவில்லை. டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்ற ஆயிலைக் காட்டிவிட்டு, டிக்கியிலிருந்து அரை லிட்டர் டப்பாவை எடுத்து ஊற்றினார். அவருக்கு அது சாமி விளக்குக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போன் செய்தேன். 2014-இல் தயாரிப்பை நிறுத்திய வண்டி, நாங்கள் எடுப்பதில்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும், இந்த அழைப்பு எப்படி இருந்தது என்று மதிப்பெண் கேட்டு ஒரு குறுஞ்செய்தி வேறு. அந்த வியாதி இங்கேயும் வந்துவிட்டது.

ஆக, பழைய மெக்கானிக் அண்ணன்தான் கதி. நான் காலேஜ் படித்தபோது என் டி.வி.எஸ். 50-க்கு பிளக் மாற்றிக் கொடுத்தவர். போனில் குரல் மாறவேயில்லை. "தம்பி, எப்ப வந்தீங்க? இந்தா வந்துக்கிட்டே இருக்கேன்."

வந்துக்கிட்டே இருந்தார், நாலு நாள். முதல் நாள் "சாப்பிட்டுட்டு வந்துர்றேன்". இரண்டாம் நாள் முகூர்த்த நாள். மூன்றாம் நாள் போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்து, "உங்க வீட்டு வழியாத்தான் போனேன், சார் தூங்குவாருன்னு கூப்பிடல" என்றார். அங்கே ஒன்பதுக்கு என்றால் எட்டே முக்காலுக்கு வாசலில் நிற்கிறோம். ஐந்து நிமிஷம் பிந்தினால் மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் கொதித்தேன். அப்பாவோ, "அவன் வருவான்டா, நீ ஏன் குதிக்கிற" என்று ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, வந்து நின்றார்.

இதற்குள் நானே வீடியோவெல்லாம் பார்த்து, டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் போயிருக்கிறது என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன் சக்கரம் ஒன்றைக் கழற்றினார், உள்ளே டார்ச் அடித்தார், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சுற்றி விரலால் தடவிக் காட்டினார். "மேலேர்ந்து ஒழுகினா கோடு கோடா இறங்கும் தம்பி. இது பாருங்க, வட்டமாத் தெறிச்சிருக்கு. புல்லி சுத்துறப்ப வீசியடிக்குது. கிராங்க் முன் சீல்." இன்ஜினுக்குள் சுழலும் தண்டுதான் கிராங்க்; அதன் முன் முனை வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையம்தான் இந்தச் சீல். அவ்வளவுதான். என் நாலு நாள் ஆராய்ச்சி ஒரு விரலில் முடிந்தது.

சீல் உள்ளூரில் இல்லை. திருச்சியில் ஒரு கடைக்குப் பேசினார். சீலின் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சடித்திருக்கும். எண் பொருந்தினால் போதும், எந்த வண்டிக்கு என்பது இரண்டாம் பட்சம். "கறுப்பு வேணாம், வைட்டான் ரப்பர் கொடு. சூட்டுக்குக் கறுப்பு சீக்கிரம் காஞ்சுபோகுது" என்றவர் கூடவே, "டைமிங் பெல்ட் ஒண்ணும் போட்டு விடு" என்றார். கிராங்க் சுற்றுவதோடு சேர்த்து வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற, பல் வைத்த பெல்ட் அது.

இங்கேதான் எனக்குள் இருந்த அமெரிக்காக்காரன் விழித்துக்கொண்டான். அங்கே ஆயில் மாற்றப் போனாலே ஃபில்டர் போச்சு, வைப்பர் போச்சு, 'இதையும் சேர்த்துச் செய்துவிடலாமா' என்று பட்டியல் நீட்டுவார்கள். போன வருஷம் என் காருக்கு இதே சீலுக்கு 700 டாலர் கேட்டார்கள். பட்ட சூடு. "பெல்ட் எதுக்குண்ணே? ஒழுகுறது சீல்தானே?" என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. "சரி தம்பி, வரட்டும். வேணாம்னா திருப்பி அனுப்பிரலாம்."

பார்சல் எப்படி வரும்? பஸ்ஸில்தான். டிராக்கிங் நம்பருக்குப் பதில் பஸ் நம்பர். புதிய பேருந்து நிலையத்தில் வெயிலில் நின்றேன். திருச்சி பஸ் ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. கண்டக்டர் நாளிதழில் சுற்றிய பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டி, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கையெழுத்து, ஓ.டி.பி. எதுவும் கிடையாது. சொல்லக்கூடாது, எனக்குத் தொண்டை அடைத்தது. சின்ன வயதில் தாத்தாவுக்கு மருந்து இப்படித்தான் வரும்.

அந்த நெகிழ்ச்சி மறுநாள் காலை ஒன்பது மணி வரை தாங்கியது. ஒன்பதுக்கு ஈ.பி. ஷட் டவுன். பராமரிப்புப் பணி, மாலை ஐந்து வரை கரன்ட் கிடையாது. போல்ட் கழற்ற, கரன்ட் இருந்தால்தான் ஓடும் ஏர் கன்னை எடுத்துக்கொண்டு வந்தவர் அதை ஓரமாக வைத்தார். "பரவால்ல, கையாலயே கழட்டிரலாம். தம்பி, நீங்க உள்ள உக்காந்து நாலாவது கியரைப் போட்டு பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க."

கிராங்கின் நடு போல்ட்டைக் கழற்றும்போது இன்ஜின் கூடவே சுற்றாமல் இருக்க இது உபாயம். உட்கார்ந்தேன். வெளியே அவர் போல்ட் திருகும் டி ராடில் ஆளுயரக் குழாயைச் செருகித் தொங்குகிறார். வண்டி மொத்தமும் ஆடுகிறது. "பிரேக்கை விட்டுடாதீங்க தம்பி!" ஃபேன் கிடையாது, ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது, ரெக்ஸின் சீட் முதுகில் ஒட்டுகிறது. நாற்பத்தாறு வயதில், ஐ.டி. கம்பெனியில் இருபது பேருக்கு மேலாளனாக இருக்கிறவன், முக்கால் மணி நேரம் ஒரே காலால் பிரேக் மிதித்தேன். கெண்டைக்கால் நடுங்கியது. நடுவில் அவருக்கு டீ வந்தது. "நீங்க விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். ஏன் விடக்கூடாது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். தெருவே கேட்டிருக்கும்.

பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மடக்கிப் பாருங்க." மடக்கினேன். ஆயிலில் ஊறி உப்பியிருந்தது, பல்லுக்குப் பல் இடையே வெடிப்பு. விரல் நகம் பட்டதும் ஒரு பல் பிய்ந்து கையோடு வந்தது. அது ஓடுகிறபோது போயிருந்தால் வால்வு திறக்க ஆளில்லை, திருமயம் ரோட்டில் அப்பா நடுவழியில் நின்றிருப்பார். நான் பேசாமல் புதுப் பெல்ட்டின் உறையைப் பிரித்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பழைய சீல் கொட்டாங்கச்சி மாதிரி விறைத்திருந்தது. கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழாமல் அதை நெம்பி எடுத்தார். பிறகு என் நகத்தைப் பிடித்து ஷாஃப்டின் மேல் வைத்தார். மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. ரப்பர் உதடு இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் உரசி இரும்பையே தேய்த்திருக்கிறது. புதுச் சீலையும் அதே இடத்தில் உட்கார வைத்தால் மறுபடியும் ஒழுகும். உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே பார்க்க வைத்து, பழைய பேரிங் வளையம் ஒன்றை மேலே கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். பழையது இருந்த ஆழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டார். "இப்ப உதடு புது இடத்துல உரசும்." புல்லிகளில் அடையாளமாக இருக்கும் டைமிங் புள்ளிகளைச் சேர்த்துப் பெல்ட்டை மாட்டி, கையாலேயே இன்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றி, புள்ளிகள் மறுபடி நேராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மூடினார்.

போகிற போக்கில் ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் பைப்பைப் பிடுங்கி ஊதினார். காற்று போகவில்லை. உள்ளே மசி கட்டி அடைத்திருந்தது. "இன்ஜின் மூச்சு விட வழியில்லன்னா எங்க பலவீனமோ அங்க ஆயிலைத் தள்ளும் சார். சீலை மட்டும் குத்தம் சொல்ல முடியாது" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா ஊஞ்சலை நிறுத்தினார்.

மறுநாள் காலை, புதிதாக விரித்த பேப்பரில் நாலணா அகலத்துக்கு ஒரு சொட்டு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. போனில் கத்தியே விட்டேன். அவர் சிரித்தார். "கவர் இடுக்குல நின்ன பழசு வடியுது தம்பி. பேப்பரை மாத்திக்கிட்டே இருங்க. ரெண்டு நாள் சுத்தமா இருந்தா அப்பாகிட்ட காசு வாங்கிக்கிறேன், இல்லாட்டி வேணாம்." சீல், பெல்ட்டுக்கு மட்டும் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். கூலி 1,200 ரூபாய். அன்று ராத்திரி எனக்கு ஃபிளைட். நம்பாமல்தான் ஏறினேன்.

துபாயில் இறங்கிப் போனைப் போட்டால் அப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். வண்டிக்கடியில் விரித்த செய்தித்தாள், நேராக மேலிருந்து எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு பழுப்பு வளையம். அடிவயிறு கலங்கியது. அதற்குக் கீழே அப்பாவின் எழுத்து: "ஓரத்தில் தெரிவது காபி டம்ளர். ஆயில் இல்லை. நாளைக்கும் இப்படி இருந்தால் அவனுக்குக் காசு. அம்மா கோலம் போட்டாயிற்று."