சபை லீக்கா, தேர்வு கிளப்பா? கிறிஸ்தவச் சிறுவர் கால்பந்து: ஓர் ஒப்பீடு

பெயர் கொடுத்த பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து ஆடவிடுவது சபை லீக். ஆள் தேர்வு வைத்து, வெளி லீக்குகளில் மோதுவது கிறிஸ்தவ கிளப். அன்பு, பணிவு, நேர்மை என்று இரண்டின் கொள்கை அறிக்கையிலும் ஏறக்குறைய ஒரே சொற்கள்தான் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சில் யார் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.

சபை லீக்கில் சம ஆட்ட நேரம் என்பது நல்லெண்ணத்தை நம்பி விடும் விஷயமல்ல, கணக்கு. களத்தில் 7 பேர், ஆட்டம் 50 நிமிடம், அணியில் 10 பிள்ளைகள் என்று வையுங்கள். ஆட்டத்தை ஐந்தைந்து நிமிடமாக 10 துண்டுகளாக்கினால், ஒவ்வொருவரும் 7 துண்டு ஆடி 3 துண்டு வெளியே இருப்பார்கள். ஆளுக்குச் சரியாக 35 நிமிடம். கோல்கீப்பரை மட்டும் துண்டுக்குத் துண்டு மாற்றாதீர்கள், கையுறை மாட்டுவதிலேயே நேரம் போய்விடும். ஒரு பாதி முழுக்க, அதாவது 5 துண்டு, கோலில் நிற்பவர் மறுபாதியில் 2 துண்டு களத்தில் ஆடினால் கணக்கு நேராகிவிடும். இந்த அட்டவணையை முன்பே எழுதி, பயிற்சியாளர் அல்லாத ஒருவரிடம் கடிகாரத்தோடு கொடுத்துவிட வேண்டும். கண்ணளவில் மாற்றும் பயிற்சியாளர், 1-1 என்று நிற்கும் கடைசிப் பத்து நிமிடத்தில் தடுமாறுகிற பிள்ளையைத்தான் வெளியே எடுப்பார். அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, பதற்றமே போதும்.

லீக்கின் பலவீனம், திறமை வித்தியாசம். 11, 12 வயதுக்குமேல் நன்றாக ஆடும் பிள்ளைக்குச் சலிப்பு தட்டும். ஆட்டம் ஒருதலையாகப் போனால், 5 கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஒருவரை இறக்கலாம் என்ற விதி ஓரளவு உதவும்.

கிளப்பில் ஆட்ட நேரத்தைத் திறமை தீர்மானிக்கிறது. அதில் பாவம் ஒன்றுமில்லை, மறைப்பதுதான் தவறு. "எல்லோரும் ஒரே குடும்பம்" என்று சேர்த்துவிட்டு ஒரு பிள்ளையை ஆட்டத்துக்கு ஆட்டம் 8 நிமிடம் ஆடவிட்டால், அந்தப் பிள்ளை கற்பது வேதவசனத்தை அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட எவருக்கும் குறைந்தது பாதி ஆட்டம் உண்டு என்று எழுத்தில் தரும் கிளப்பை நம்பலாம். தேர்வாகாத பிள்ளைக்குப் பட்டியலை ஒட்டிச் சொல்கிறார்களா, பயிற்சியாளரே பேசிச் சொல்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

ஞாயிறு பற்றி லீக்கில் பேச்சே எழாது. பெரும்பாலும் சனிக்கிழமையோடு முடிந்துவிடும். கிளப் போகும் வார இறுதிப் போட்டிகளில் இறுதி ஆட்டம் ஞாயிறன்றுதான் வரும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், ஞாயிறு கர்த்தருடைய நாள் என்ற விசுவாசத்தால், அன்று நடந்த 100 மீட்டர் தகுதிச்சுற்றில் ஓடவில்லை. 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அட்டவணையைப் பல மாதங்களுக்கு முன்பே அறிந்து, அதற்கேற்பத் தயாராகியிருந்தார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளப்பும் தன் நிலைப்பாட்டைப் பணம் கட்டும் முன்பே சொல்ல வேண்டும். அரையிறுதி முடிந்த மாலையில் பெற்றோர் கூட்டம் போட்டால் சண்டைதான் மிச்சம்.

உடையிலும் வித்தியாசம் உண்டு. சபை தன் லீக்கில் ஜெர்சியில் வசனம் அச்சிட்டுக்கொள்ளலாம். கால்பந்தின் 4ஆம் விதிப்படி நடக்கும் போட்டிகளில் மத வாசகங்களுக்கு இடமில்லை. உள்பனியனில் எழுதிக் காட்டினாலும் குற்றமே. சிலுவைச் சங்கிலியையும் கழற்றத்தான் வேண்டும், டேப் ஒட்டி மறைப்பதை விதி ஏற்பதில்லை. நடுவர் விசுவாசத்தை எதிர்க்கிறார் என்று கத்தும் பெற்றோருக்கு இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

தியானத்தை ஆட்ட இடைவேளையில் வைப்பது இரு தரப்பிலும் காணும் பிழை. தண்ணீர் குடிக்கவும் கோல்கீப்பரை மாற்றவுமே அந்த நேரம் சரியாகிவிடும். ஒரு காதிலும் ஏறாது. பயிற்சியின் நடுவே 8 நிமிடம், ஒரு வசனம், ஒரு கேள்வி: அது நிற்கும். எதிரணியோடு சேர்ந்து ஜெபிப்பதானால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரட்டும், வராத பிள்ளையை யாரும் கூப்பிடக் கூடாது.

பத்து வயதுவரை லீக்கே போதும் என்பது எங்கள் கணிப்பு. அதன்பின் பிள்ளையே கேட்டால், பாதி ஆட்ட விதி எழுத்தில் உள்ள கிளப்புக்கு மாற்றலாம். எங்கே சேர்த்தாலும், பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு உடைமாற்றும் அறையிலோ வண்டியிலோ தனியாக இருக்கக் கூடாது என்ற விதி அங்கே இல்லையென்றால், படிவத்தை நிரப்பாமல் திரும்பிவிடுங்கள்.