தெருவில் விற்கும் குட்டை இட்லிப்பூச் செடி: வாங்கலாமா?

வடசென்னையில் பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி பக்கம் குட்டி யானை வேனிலும் மூன்று சக்கர வண்டியிலும் செடி விற்க வருகிறவர்களிடம் ரோஜாவுக்கு அடுத்தபடி கண்ணில் படுவது குட்டை ரக இட்லிப்பூ. செடியைப் பொறுத்தவரை தாராளமாக வாங்கலாம். வெயில் தாங்கும், தொட்டியிலேயே வருஷக்கணக்கில் இருக்கும், கொத்துக் கொத்தாகப் பூக்கும். குறை முழுக்க அது வரும் மண்ணிலும் நாம் ஊற்றும் தண்ணீரிலும்தான்.

முதலில் ரகத்தைச் சரிபாருங்கள். குட்டை ரகத்தில் இலை ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும், கணுக்கள் நெருக்கமாக இருக்கும். உயர ரகத்தை வெட்டிக் குள்ளமாக்கிக் குட்டை என்று தருவதும் உண்டு. இலை பெரிதாக, கணு இடைவெளி அதிகமாக இருந்தால் அதுதான். பூ நிறைய இருக்கிறதே என்று எடுக்காமல், அடியிலிருந்தே நாலைந்து கிளை பிரிந்ததாக எடுங்கள். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மண்ணுக்குள் லொடலொடவென்று ஆடினால் சமீபத்தில் கவர் மாற்றிய செடி, வேர் இன்னும் பிடிக்கவில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சென்னைக்கு வரும் செடிகளில் ஒரு பங்கு ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து வருபவை. கவரைக் கிழித்தால் கொழுக்கட்டை மாதிரி இறுகிய களிமண் உருண்டையோடு வரும் செடிகள் உண்டு. அதை அப்படியே புதுத் தொட்டியில் இறக்கினால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள பொலபொல மண் வழியாக ஓடிவிடும், உருண்டையின் நடு காய்ந்தே கிடக்கும். வாங்கியதும் ஒரு வாரம் அரை நிழலில் வையுங்கள். பிறகு கவரை எடுத்துவிட்டு உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கை விரலால் உதிருங்கள். வேரை முழுக்கக் கழுவினால் செடி வாடிவிடும். கத்திரி வெயிலில் இந்த வேலை வேண்டாம். ஜூலைக்கு மேல் செய்யலாம்.

தொட்டி 12 அங்குலம். பிளாஸ்டிக்கோ மண்ணோ போதும், சிமெண்டுத் தொட்டி மட்டும் கூடாது. புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். இட்லிப்பூவுக்கோ கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தேங்காய்நார்த் தூள் 1 பங்கு, மணல் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்கணும், அதில் உப்பு இருக்கும்.

அடுத்தது தண்ணீர். வடசென்னையில் பாதிச் செடிகளின் தலைவிதி இதில்தான். எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை. மற்ற இடங்களிலும் போர் தண்ணீர் பல வீடுகளில் கடினம்தான். அதையே ஊற்றிவந்தால் மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும். மண்ணில் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறிவிட, அதில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நுனியில் வரும் புது இலை எலுமிச்சை மஞ்சளாகி, அதன் நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரியும். அடி இலை மஞ்சளாவது வேறு பிரச்சினை. அதற்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை.

நுனி மஞ்சளைப் பார்த்துச் சாம்பலும் முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள், இரண்டும் மண்ணை இன்னும் காரமாக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 3 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர்: கலந்தவுடனே, சாயங்காலத்தில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். வைத்திருந்தால் துரு நிறமாகிப் பயனற்றுப் போகும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தரையில் சிந்தினால் கறை போகாது. மண்ணில் ஊற்ற இரும்புச் செலேட் (வேர் எடுக்கும் வடிவில் வரும் இரும்பு உரம்) வாங்குவதானால் ஈடிடிஏ (EDTA) வகை காரமண்ணில் நிற்காது, ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் தண்ணீரை மாற்றாமல் மருந்து மட்டும் அடித்தால் மஞ்சள் திரும்ப வரும். மழைநீர் முதல் தரம், ஏசியில் சொட்டும் தண்ணீரும் நல்லது, அடுத்து மெட்ரோ வாட்டர். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும், அதை ஊற்றவே கூடாது.

ஐந்து மணி நேர வெயில் இல்லாத பால்கனிக்கு இந்தச் செடி வேண்டாம். இலை மட்டும்தான் வரும். பூ கிளை நுனியில் வருவதால், கொத்து காய்ந்ததும் அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டினால் இரண்டாகக் கிளைத்துப் பூக்கும். மொட்டைமாடியில் தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். கோடையில் தளச்சூடு ஏறாது, ஐப்பசி மழையில் அடி ஓட்டை அடைபடாது.

வண்டிக்காரர் கூடவே நீட்டும் பெயரில்லாத உரப் பாக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காசுக்கு இன்னொரு கவர் செடி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.