பேர்லின் பில்ஹார்மோனிக்கின் டிஜிட்டல் கொன்சேர்ட் ஹால்: மட்டக்களப்பிலிருந்து ஒரு வருடப் பாவனை அனுபவம்

ஜெர்மனியின் பேர்லின் பில்ஹார்மோனிக் என்ற சிம்பொனிக் குழு தன் கச்சேரிகளை இணையத்தில் காட்டுகிற சேவைதான் டிஜிட்டல் கொன்சேர்ட் ஹால். அதற்கு 12 மாத டிக்கெட் எடுத்து ஒரு முழு சீசனும் பார்த்து முடித்தாயிற்று. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை படிக்கிற, படிப்பிக்கிற ஆளென்றால் வாங்குங்கள், நாலு பேர் கூடியிருந்து பார்க்க வசதியுள்ள வீடாக இருந்தால் இன்னும் நல்லது. சும்மா ஓர் ஆசைக்கு என்றால் இலவசமாகக் கிடைக்கிற பகுதியே மாதக்கணக்கில் போதும்.

நான் கல்லடிப் பக்கம் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மட்டக்களப்பில் வயலினுக்குக் குறைவில்லை, பறங்கியர் கலியாண வீட்டில் கபரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசிக்கிற வயலினும் இங்கேதான் இருக்கிறது, விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இங்கேதான். ஆனால் எழுபது எண்பது பேர் ஒன்றாக இருந்து வாசிக்கிற சிம்பொனியை நேரில் கேட்க வழியில்லை. கொழும்பில் 1958 முதல் ஒரு சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இயங்குகிறது, சரி, ஆனால் மாலைக் கச்சேரி முடிந்து இரவு ரயிலைப் பிடித்து விடியத் திரும்புவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி செய்யக்கூடிய காரியமில்லை. அதனால்தான் இதற்குக் காசு கட்டினேன்.

2008இல் தொடங்கிய சேவை இது. சீசனுக்கு நாற்பது கச்சேரி அளவில் நேரலையாக வரும், சில நாளில் அது களஞ்சியத்துக்குப் போய்விடும், அங்கே பழைய நடத்துனர் கரயான் காலத்துப் பதிவுகள் வரை கிடக்கிறது. 7 நாள், 30 நாள், 12 மாதம் என்று டிக்கெட் இருக்கிறது. யூரோவில்தான் கட்டணம், ஆகவே ரூபாய் சறுக்குகிற மாதத்தில் வாங்கினால் கை கடிக்கும்.

படமும் ஒலியும் நன்றாக இருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. போனில் டேட்டா போட்டுப் பார்த்தால் படம் அவ்வப்போது மங்கும், வீட்டு ஃபைபரில் டிவியில் பார்த்தால் முன்வரிசையில் இருந்தாலும் தெரியாததெல்லாம் தெரிகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், டபுள் பேஸ் எல்லாம் காணாமல் போய்விடும், சாதாரண ஹெட்போன் அதைவிட எவ்வளவோ மேல். நேரம்தான் பெரிய சிக்கல். சனிக்கிழமைகளில் அவர்களுக்கு இரவு 7 மணி என்றால் நமக்கு 10.30, ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் 11.30 ஆகிவிடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் பார்க்க முடியாது, நாங்கள் களஞ்சியத்திலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தோம். மாரியில் கரன்ட் போனால் அதுவும் இல்லை. நேர்காணல்களுக்குத் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும்.

இனி பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்பதற்கு வருகிறேன், கட்டின காசுக்கு எனக்குப் பலன் கிடைத்தது அங்கேதான். முதல் நாளே ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், எல்லாருடைய வில்லும் எப்படி ஒரே பக்கம் போகுது?” எந்த இடத்தில் வில்லை மேலே இழுப்பது, எங்கே கீழே இழுப்பது என்பதைக் குழுவின் முதல் வயலின்காரர் தீர்மானிக்க, அது எல்லாருடைய தாளிலும் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு தாங்கி. பக்கம் புரட்டவேண்டிய இடம் வந்தால் உள்ளே இருப்பவர் வாசிப்பதை நிறுத்திப் புரட்டுகிறார், சபைப் பக்கம் இருப்பவர் விடாமல் வாசிக்கிறார். கமரா அதை நெருங்கிக் காட்டுகிறது. டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவர் மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தோலில் காதை வைத்துத் தட்டியும் தட்டாமலும் சுருதி மாற்றுகிறார், மத்தளம் கட்டுகிறவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு என் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கீர்த்தனை வாசித்தாலும் வில் எந்தப் பக்கம் என்று முதலில் பேசி முடிவெடுக்கிறார்கள்.

அப்புறம் அவர்கள் வாசிக்கிற மண்டபம். ஹன்ஸ் ஷாரூன் வரைந்து 1963இல் திறந்தது. மேடை நடுவில், சனம் நாலாபக்கமும். நம்முடைய கூத்தாடுகிற வட்டக்களரி மாதிரியே. சுற்றியிருந்து கூத்துப் பார்த்த ஊருக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தெரியவில்லை, வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தும் ஆட்கள் ரசிக்கிறார்கள், நடத்துனரின் முகத்தை நேரே பார்க்கிறார்கள்.

ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தால் கச்சேரியைத் தாண்டி அந்தக் குழு எப்படி உயிரோடு இருக்கிறது என்பதும் மெல்ல மெல்ல விளங்குகிறது. 1882இல் தங்கள் முதலாளி நாலாம் வகுப்பு ரயில் பெட்டியில் வார்சோவுக்கு ஏற்றப் பார்த்ததால் பிரிந்து வந்த 54 வாத்தியக்காரர்கள் தொடங்கிய குழு இது, இன்றைக்கும் தங்கள் நடத்துனரைத் தாங்களே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். 2015 மே மாதம் 11 மணித்தியாலம் கூடியிருந்தும் முடிவு வரவில்லை, ஜூனில் மறுபடி கூடித்தான் கிரில் பெத்ரென்கோவைத் தெரிவுசெய்தார்கள், அவர் பொறுப்பெடுத்தது 2019இல். 2002இல் குழு ஓர் அறக்கட்டளையாக மாறியது. அப்படி மாறவேண்டும், வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கூடவேண்டும் என்பது அந்த வருடம் நடத்துனராக வந்த சைமன் ரெட்டில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்வைத்த நிபந்தனைகளில் ஒன்று. டிக்கெட் காசு, டொய்ச்சே வங்கியின் அனுசரணை, இவற்றோடு பேர்லின் மாநில அரசின் பணமும் சேர்ந்துதான் அது நடக்கிறது. அங்கேயும் கஷ்டம் இல்லாமல் இல்லை. 2025க்கான கலைச் செலவில் பேர்லின் அரசு ஏறத்தாழ 130 மில்லியன் யூரோவை வெட்டியது, பத்திலொரு பங்குக்கு மேல். கலைஞர்கள் தெருவுக்கு இறங்கினார்கள்.

அரசின் பணத்தை எடுக்கிற குழு நகரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது, எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், இந்தக் கல்விப் பகுதிப் படங்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன. ரெட்டில் வந்த 2002இலேயே கல்வித் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம் சுமார் 250 பிள்ளைகள், பலர் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், ஒரு பழைய பஸ் டிப்போவில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பலே நடன இசைக்கு ஆடினார்கள், வாசித்தது இந்தக் குழுவேதான். 2013இலிருந்து நகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் பிள்ளைகளுக்குப் பாடகர் குழுக்கள் நடக்கின்றன. வாரத்தில் ஒரு மதியம் மண்டபத்தின் வாசல் கூடத்தில் இலவசக் கச்சேரி. 2020 மார்ச்சில் மண்டபம் மூடினபோது வெற்று இருக்கைகளுக்கு முன்னால் வாசித்து நேரலையாக விட்டார்கள், பிறகு இந்தச் சேவையையே கொஞ்சக் காலம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நம்மிடம் காசு எப்படி வருகிறது என்பது உறுத்துகிறது. ஒரு விழாவுக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு, வெளிச்சத்துக்கு, சாப்பாட்டுக்கு, பொன்னாடைக்கு எல்லாம் ஒதுக்கியிருந்தார்கள், மாதக்கணக்கில் பழகினதற்கும் அறுந்த தந்திக்கும் ஒரு சதமில்லை. கூத்துக்கும் அதே கதைதான், ஊர் கூடிக் காசு சேர்த்தால்தான் களரி எழும்பும், ஊர் சேர்க்காவிட்டால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டில் மத்தளம் தூங்கும். வருடம் முழுக்க ஒரு சின்னத் தொகை, ஒரு பழகும் அறை, அதற்குப் பதிலாக அந்தக் குழு பள்ளிக்கூடங்களுக்குப் போய் வாசிக்கவேண்டும் என்ற ஒப்பந்தம், இவ்வளவு போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேர்லினின் பெரிய தொகை நமக்கு வேண்டாம். ஒழுங்கு வேண்டும்.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுடைய சீசன் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் முடிவில் வெளி அரங்கமான வால்ட்பியூனேயில் முடியும், கடைசியில் நகரத்துப் பழைய பாட்டொன்றுக்கு சனம் விசிலடிக்கும், அதைத் தவறவிடாதீர்கள். மே 1 அன்று குழு தொடங்கிய நாளுக்காக ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரத்தில் காலையில் வாசிப்பார்கள், நேர வித்தியாசத்தால் அந்த நேரலை நமக்குச் சௌகரியமாகப் பின்னேரம் வரும். ஜூலையில் ஒன்றும் நடக்காது, அப்போது வருட டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் கணக்குத் திறந்து இலவசக் கல்விப் படங்களைப் பாருங்கள், அப்புறம் 7 நாள் டிக்கெட்டில் உங்கள் வீட்டு இணைப்பு தாங்குகிறதா என்று பாருங்கள். நான் ஓகஸ்டில் புதுப்பிக்கப் போகிறேன், பக்கத்து இரண்டு வீட்டுக்காரரும் பங்கு போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.