ஊற்றி நிரப்பும் யூரித்தேன்: எந்த இன்ஜின் மவுண்ட்டுக்கு ஆகும்?

இன்ஜினைக் காரின் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் தாங்கிதான் மவுண்ட். தளர்ந்த மவுண்ட்டின் ரப்பர் இடைவெளிகளில் ஊற்றி உறையவிடும் இரு பாக யூரித்தேன் கலவை, மவுண்ட்டைக் கெட்டியாக்கும் வேலையைச் சரியாகவே செய்கிறது. வம்பு, எல்லா மவுண்ட்டிலும் ஊற்றுவதில்தான். அந்த இடைவெளி வீணாக விட்ட இடமல்ல. ஐடிலிங் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும்) அதிர்வை விழுங்குவதற்காகவே வைத்தது. அதை அடைத்தால் ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கும். ஏ.சி. போட்டதும் இன்னும் கூடும்.

குறுக்கே இன்ஜின் வைத்த முன்சக்கர இயக்கக் காரின் கீழ் டார்க் மவுண்ட்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. அது எடை தாங்குவதில்லை. இன்ஜின் முன்னும் பின்னும் புரள்வதை மட்டும் தடுக்கிறது. டிரைவிலிருந்து ரிவர்ஸ் மாற்றும்போது கேட்கும் 'டொக்' சத்தம் அங்கிருந்து வந்தால் நின்றுவிடும். எடை தாங்கும் பக்க மவுண்ட்டுகளில், அதுவும் மூன்று சிலிண்டர் இன்ஜினில், ஊற்றாமலிருப்பதே மேல். யூரித்தேனின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கெட்டி. தினசரி ஓட்டத்துக்கு ஷோர் 60ஏ போதும், 80ஏ-யில் அதிர்வு தெரியும், 94ஏ பந்தயக் காருக்கு.

திரவம் நிரம்பிய ஹைட்ராலிக் மவுண்ட் கசிந்திருந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். ரப்பர் முழுக்க அறுந்து நடுக்குழாய் சரிந்திருந்தாலும் அப்படியே.

ஒட்டாமல் பெயர்ந்து வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நன்றாக உலரவிட வேண்டும். ஈரம் பட்டால் கலவை நுரைத்துக் குமிழியாகும். இரு பாகங்களையும் டப்பாவில் சொன்ன விகிதப்படி துல்லியமாக அளந்தே கலக்க வேண்டும். கண்ணளவில் கலந்தால் பிசுபிசுப்பு போகாது. பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் வழித்து மெதுவாகக் கலக்கி, மவுண்ட்டின் அடிப்பக்கத்தை டேப்பால் அடைத்து, ஒரே மூலையிலிருந்து மெல்லிய இழையாக ஊற்றினால் காற்று சிக்காது. கலவையில் தோலையும் மூச்சையும் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். மறுநாளே கெட்டியாகத் தெரியும். அவசரப்பட வேண்டாம், முழு பலம் வர ஒரு வாரம் வரை ஆகலாம்.

மாட்டும்போது சம்ப்புக்கும் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஜாக்கிக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட்டை மட்டும் கழற்ற வேண்டும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் எடை மவுண்ட்டில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். ஜாக்கி தாங்கியிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு, புது மவுண்ட்கூடச் சீக்கிரம் கிழியும்.