அறுவடை இயந்திர வாடகைக்கு ஒரு செயலி: நான்கு பருவ அனுபவம்

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் குடும்பம் இரண்டு நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. ஈர வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. இரண்டுக்கும் மணிக்கணக்கில் வெவ்வேறு வாடகை. ஓட்டுநர்கள் துண்டுச் சீட்டில் எழுதிவந்த இந்தக் கணக்கை, நிரல் எழுதத் தெரியாத நான், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றிடம் தமிழிலேயே கேட்டுக் கேட்டு, கூகுள் ஷீட்ஸ் விரிதாளின் மேல், நிரல் எழுதாமலே செயலி உருவாக்க உதவும் ஆப்ஷீட் என்ற கருவி மூலம் செயலியாக்கினேன். 2024 ஜனவரி சம்பா அறுவடையில் தொடங்கி, இரண்டு சம்பாவும் இரண்டு குறுவையும் அதிலேயே கணக்குப் பார்த்திருக்கிறேன்.

படிவமும் பட்டியலும் ஒரே மாலையில் தயாராகிவிட்டன. அந்த வேகம் உண்மையிலேயே வியப்பளித்தது. சிக்கல் எங்கள் சீட்டு மொழியில் இருந்தது. ஓட்டுநர் '2.30' என்று எழுதினால் இரண்டரை மணி நேரம் என்று பொருள். உதவியாளர் தந்த சூத்திரமோ அதைத் தசம எண்ணாகவே பெருக்கியது. மணிக்கு 2,000 ரூபாய் என்று கொண்டால், 5,000 வரவேண்டிய இடத்தில் 4,600 வந்தது. தொகை பார்வைக்குப் பொருத்தமாக இருந்ததால், ஒரு வாரம் வரை யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பழைய நோட்டோடு ஒப்பிட்ட அப்பாதான் கண்டுபிடித்தார். தேதியிலும் இதே வகைப் பிழை. விரிதாளின் வட்டார அமைப்பு, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருந்ததால் ஜனவரி 2 பிப்ரவரி 1 ஆனது. இரண்டுமே சம்பா அறுவடைக் காலம் என்பதால் அதுவும் கண்ணில் படவில்லை. 'மா' என்ற எங்கள் நில அளவையும் உதவியாளருக்கு, 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர் என்று நானே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட அதிகம் வருந்தியது வரிசை எண்ணால்தான். கடைசிச் சீட்டு எண்ணோடு ஒன்றைக் கூட்டும் சூத்திரத்தை உதவியாளர் பரிந்துரைத்தது, நானும் ஏற்றேன். சிக்னல் கிடைக்காத வயல்களில் இரண்டு ஓட்டுநர்களும் தனித்தனியே பதிவு செய்தபோது, இரு கைபேசிகளும் ஒரே எண்ணைக் கொடுத்தன. இணையம் கிடைத்ததும் ஒன்றின் மேல் மற்றொன்று பதிவாகி, ஒரு விவசாயியின் கணக்கே காணாமற்போனது. அவரிடம் நேரில் சென்று மணி நேரத்தைக் கேட்டு எழுதிய அந்தச் சங்கடத்தை இன்னும் மறக்கவில்லை. 2024-இல் மேட்டூர் அணை ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. குறுவை வேலை குறைந்த அந்த இடைவெளியில், ஒவ்வொரு சீட்டுக்கும் தற்செயல் எழுத்துகளாலான தனி அடையாளம் உருவாகும்படி மாற்றினேன். புதிய பதிவு தொடங்கும்போது மட்டும் அது உருவாகவேண்டும், திருத்தும்போது மாறக்கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

இப்போது எந்தச் சூத்திரம் கேட்டாலும், விடை தெரிந்த மூன்று பழைய சீட்டுகளைச் சேர்த்தே கேட்கிறேன். அவற்றில் ஒன்று கட்டாயம் '2.30' வகை. இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் படமெடுக்கும் வசதி, ஓட்டுநர் ஒருவர் கேட்டுச் சேர்த்தது. வாடகைத் தகராறுகளை அதுவே பெரிதும் தீர்த்திருக்கிறது. துண்டுச் சீட்டை நிறுத்தவில்லை. இரவில் அப்பா இரண்டையும் வைத்து ஒத்துப்பார்த்த பிறகே அன்றைய கணக்கை மூடுகிறோம்.