ஹியூகெனோ சுரங்கச் சாலை: கட்டணத்துக்குத் தகுந்த வேலை, ஆனால் ஒரு சுரங்கக் குழாய் போதாது

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து புளூம்ஃபொன்டெயின் வழியாகக் கேப் டவுனுக்குக் காரில் போகிறவர்கள் வுஸ்டர் தாண்டியதும் முடிவு செய்ய வேண்டியது இது: டோல் கட்டிச் சுரங்கத்தில் நுழைவதா, பழைய டூ டாயிட்ஸ்க்ளூஃப் மலைச்சாலையில் ஏறுவதா? கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதியிலுள்ள கோயிலுக்குப் பெரியவர்களோடு போகிற குடும்பமென்றால் சுரங்கமே நல்லது. 11 கிலோமீட்டர் மிச்சமாகும், கொண்டை ஊசி வளைவும் மூடுபனியும் கிடையாது. வானம் தெளிந்த பகலில் மலைச்சாலையையும் ஒருமுறை பார்க்கலாம். இத்தாலியப் போர்க்கைதிகளின் உழைப்பில் தொடங்கி 1949-இல் திறந்த சாலை அது.

சுரங்கத்துக்கான ஆய்வு 1973-இல் தொடங்கியது. குடைதல் 1984-இல் ஆரம்பமாகி, 1988 மார்ச் 18-இல் போக்குவரத்து வந்தது. நீளம் 3.9 கிலோமீட்டர். இரு முனையிலிருந்தும் துளையிட்டு, வெடிவைத்துக் குடைந்து வந்த இரண்டு அணிகளும் நடுவில் சந்தித்தபோது விலகல் வெறும் 3 மில்லிமீட்டர். கணினி வசதி குறைவான அந்தக் காலத்தில் இப்படி அளந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பராமரிப்பில் பெரிய எதிரி தண்ணீர்தான். இந்த மலையின் மணற்கல் கடினமானது, ஆனால் விரிசல் நிறைய. அதில் ஊறி வரும் நீர் அமிலத்தன்மை கொண்டது, இரும்பும் கரைந்திருக்கும். அமிலம் கான்கிரீட்டின் சுண்ணாம்பை அரிக்கும். இரும்போ காற்றுப் பட்டதும் பழுப்புச் சேறாகி வடிகால் குழாயை அடைக்கும். அடைத்த வடிகாலை அழுத்த நீர் பாய்ச்சித் திறக்காமல் விட்டால், சுவருக்குப் பின்னால் நீரழுத்தம் ஏறி, இணைப்புகள் வழியே கசியும். கசிவு ஒழுகுகிற இடத்தை மட்டும் பூசி அடைப்பது வீண்; தண்ணீர் அடுத்த இணைப்பைத் தேடிப்போகும்.

சுவரைக் கழுவுவதும் அழகுக்காக அல்ல. டீசல் கரி படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், விளக்கு எத்தனை இருந்தாலும் முன்னால் போகும் வண்டி தெரியாது. வாயிலருகே பகலில் விளக்குகள் அதிகப் பிரகாசமாக எரிய வேண்டும். வெயிலில் இருந்து வரும் கண் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். அதனால் கறுப்புக் கண்ணாடியை நுழையும் முன்பே கழற்றி, முகப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறை ஒன்று, அதுவும் பெரிய குறை: ஒரே சுரங்கக் குழாயில் எதிரெதிர்ப் போக்குவரத்து, பக்கத்துக்கு ஒரு தடம். ஒருதிசைச் சுரங்கத்தில் தீப்பிடித்தால் விசிறிகள் புகையை முன்பக்கம் தள்ளிவிடும். அங்குள்ள வண்டிகள் ஏற்கெனவே வெளியேறியிருக்கும். இங்கே தீக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். ஆகவே இடைவெளி விட்டு ஓட்டுங்கள், முந்தவே கூடாது. வண்டி நின்றுபோனால் அபாய விளக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டு, அவசரத் தொலைபேசிக்கு நடங்கள். எக்காரணத்துக்கும் திரும்பி ஓட்ட முயலாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். மீதி ஒன்று, முடிக்கப்படாமல் கிடக்கும் இரண்டாவது குழாயான வடக்குக் குழாய் திறக்கும் நாளுக்கு.