செகண்ட் ஹேண்ட் கணினி விளையாட்டு: டிஸ்க்கா, கீயா, அக்கவுண்டா?

பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல் விளையாட்டின் டிஸ்க் கைமாறினால் பெரும்பாலும் உரிமையும் கூடவே கைமாறிவிடும். கணினி விளையாட்டில் அப்படி இல்லை. அங்கே உரிமை ஒட்டியிருப்பது ஆக்டிவேஷன் கீயில், அதாவது விளையாட்டைத் திறக்கப் போடும் எழுத்து-எண் தொடரில். ஆகவே பெட்டி எவ்வளவு புதிதாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கீயை யார் சரிபார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் கணினியேவா, நிறுவனத்தின் சர்வரா, ஒரு அக்கவுண்டா? விலை பேசுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் வகை, பழைய டிஸ்க். 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் போன்றவற்றில் இன்ஸ்டாலர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும், கீ பொருந்தினால் விட்டுவிடும். இணையமே தேவையில்லை. முன்பு பத்துப் பேர் பயன்படுத்திய கீயாக இருந்தாலும் தனியாக விளையாடத் தடையில்லை. பலர் சேர்ந்து ஆடும்போதுதான் சர்வர் கீயைக் கேட்கும். அதே கீயை அந்த நேரத்தில் வேறொருவர் பயன்படுத்தினால் உள்ளே விடாது. ஆனால் இத்தகைய சேவைகள் பலவும் மூடப்பட்டாயிற்று. பலரை இணையத்தில் இணைத்து ஆடவைத்த கேம்ஸ்பை 2014-இல் நின்றபோது அதை நம்பியிருந்த பல விளையாட்டுகளுக்கு, ஒரே இடத்துக் கணினிகளைச் சேர்க்கும் லேன் இணைப்பு மட்டுமே மிஞ்சியது.

இந்த வகையில் வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே: கீ இருக்கிறதா? அது கையேட்டின் பின்னட்டையிலோ டிஸ்க் உறையிலோ ஒட்டப்பட்டிருக்கும். கையேடு தொலைந்த டிஸ்க்கை வாங்காதீர்கள். டிஸ்க்கின் இரு பக்கங்களையும் பாருங்கள். சீ.டி.யில் தகவல் இருக்கும் படலம் லேபிளுக்கு நேர் கீழே இருப்பதால், படிக்கும் பக்கத்துக் கீறலைவிட லேபிள் பக்கத்துக் கீறல்தான் ஆபத்து. படிக்கும் பக்கத்தை மெருகேற்றலாம், லேபிள் பக்கம் போனால் போனதுதான்.

கீ சரி, டிஸ்க் சுத்தம், இன்ஸ்டாலும் ஆகிவிட்டது. ஆனால் விளையாட்டைத் திறந்தால் ஒன்றும் நடக்கவில்லை. கீதான் கோளாறு என்று விற்றவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் சேஃப்டிஸ்க் என்ற பெயரை நினைவில் கொள்ளுங்கள். இந்த நகல் தடுப்பு, விண்டோஸில் டிரைவர் என்ற ஒரு துணை மென்பொருளை நம்பி இயங்கியது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரைப் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கைவிட்டது. நிறுவனமே டிஸ்க் சோதனையை நீக்கி வெளியிட்ட பேட்ச் (திருத்தக் கோப்பு) இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் இணையத்தோடு இணைக்காத பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினி ஒன்று வேண்டும். எந்த விளையாட்டில் எந்தத் தடுப்பு என்பதை பி.சி.கேமிங்விக்கி என்ற இணையதளத்தில் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

இரண்டாவது வகை, எண்ணிக்கை வைத்த கீ. 2007-இன் பயோஷாக், 2008-இன் ஸ்போர் இரண்டும் செக்யூரோம் என்ற நகல் தடுப்பு வழியாக இத்தனை முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்று வரம்பு வைத்தன. ஸ்போருக்கு அது முதலில் மூன்று. எதிர்ப்பு கிளம்பியதும் வரம்புகளைத் தளர்த்தினார்கள். பயோஷாக்கில் பிறகு நீக்கியே விட்டார்கள். வரம்பு நீங்காத விளையாட்டில் சிக்கல் இதுதான்: எத்தனை முறை மிச்சம் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பவர் தன் கணினியில் ஆக்டிவேஷனை விடுவித்துத் தந்தால் வாங்கலாம். 'எப்போதோ அழித்துவிட்டேன்' என்றால் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் திரும்பாது. விளையாட்டை அழிப்பதும் ஆக்டிவேஷனை விடுவிப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, அக்கவுண்டோடு ஒட்டும் கீ. 2004-இல் ஹாஃப்-லைஃப் 2 டிஸ்க்கில் வந்தும், இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் அக்கவுண்ட் கேட்டது. கீயை ஒருமுறை போட்டால் அது அந்த அக்கவுண்டின் சொத்து, அடுத்தவருக்கு மாற்ற வழியே இல்லை. பயன்படுத்திய டிஸ்க்கால் உங்களுக்கு மிச்சம் டவுன்லோடு நேரம் மட்டுமே. சிலவற்றில் அதுவும் கிடையாது: 2015-இன் மெட்டல் கியர் சாலிட் 5 கணினிப் பதிப்பின் டிஸ்க்கில் இருந்தது ஸ்டீம் இன்ஸ்டாலர்தான். சட்டம் காப்பாற்றுமா என்றால், பாரிஸ் நீதிமன்றம் 2019-இல் மறுவிற்பனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2022-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆகவே சீல் உடையாத பெட்டி தவிர இந்த வகைக்குக் காசு கொடுப்பது வீண்.

டிஸ்க் இல்லாமல் கீயை மட்டும் விற்கும் சந்தைகள் பார்க்க மலிவு. அங்கே பிரச்சினை கீ எங்கிருந்து வந்தது என்பது. திருட்டு கிரெடிட் அட்டையில் வாங்கிய கீ என்று தெரிந்ததும் நிறுவனம் அதை ரத்து செய்யும். மாதங்கள் கழித்து விளையாட்டு உங்கள் லைப்ரரியிலிருந்து காணாமல் போகும். ஃபாக்டோரியோ விளையாட்டின் 198 திருட்டுக் கீகள் தன் தளத்தில் விற்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, ஜி2ஏ என்ற கீ சந்தை 2020-இல் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. பிராந்தியப் பூட்டு இன்னொரு தொல்லை. வேறு பகுதிக்கான கீ ஆக்டிவேட்டே ஆகாது.

இதைவிட மோசம் முழு அக்கவுண்டை வாங்குவது. ஸ்டீம் ஒப்பந்தம் அதைத் தடை செய்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பழைய மின்னஞ்சலும் முதல் ரசீதும் விற்றவரிடம் இருக்கும்வரை அவர் அக்கவுண்டை மீட்டுக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்குக்கு உண்மையான போட்டி, பழைய விளையாட்டுகளையும் விற்கும் இணையக் கடையான ஜி.ஓ.ஜி. கீயும் இல்லை, தடுப்பும் இல்லை, புதிய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்தும் தருகிறார்கள். மறுபடி விற்க முடியாது என்பது மட்டுமே குறை. தள்ளுபடியில் அங்கே கிடைக்கும் விளையாட்டுக்கு டிஸ்க் தேடி அலைவது சேகரிப்பவர்களுக்கான வேலை. உரிமைச் சிக்கலால் டிஜிட்டலில் விற்பனைக்கே வராத 2000-இன் நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் போன்றவற்றுக்குத்தான் பழைய டிஸ்க்கைத் தேட வேண்டும்.

பொருள் கைக்கு வந்ததும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் கீயைப் போட்டுப் பாருங்கள். ஏற்கவில்லை என்றால் 8-ஐயும் பி-யையும், பூஜ்ஜியத்தையும் ஓ-வையும் மாற்றி வாசித்தீர்களா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை போடுங்கள். கண்டபடி முயன்றால் ஸ்டீம் சிறிது நேரம் பூட்டிவிடும். ஏற்றுக்கொண்டாலும் கீ அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் அக்கவுண்ட் தகராறு வந்தால், அந்த அட்டையிலேயே புகார் எண்ணைப் பேனாவால் எழுதி ஒரு படம் அனுப்பச் சொல்லி ஸ்டீம் கேட்கக்கூடும்.